மீந்துபோன ரெண்டு கைப்பிடி

போன புரட்டாசியில் எங்கள் வீட்டு வாசலில் ரெண்டு கோழி செத்தது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சேதியே இல்லை. கீரி பிடிக்கும், நாய் கவ்வும், பருந்து தூக்கும், கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடை காலியாகும். ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆனது. காரணம், அந்த ரெண்டையும் கொன்றது எங்க அம்மா.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. ஆனா நான் கழுவித்தான் போட்டேன்னு அதையும் சேர்த்து எழுது" என்றார். அது மட்டும்தான் நிபந்தனை. எழுதிவிட்டேன் அம்மா, இதோ, ரெண்டாவது பத்தியைத் தாண்டுவதற்குள்.

உடுமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் மக்காச்சோளம்தான். எங்கள் பக்கத்துச் சோளம் பெரும்பாலும் பல்லடத்துக்கும் நாமக்கல்லுக்கும் கோழித் தீவனமாகப் போகிறது. அதாவது நாங்கள் பாடுபடுவதே கோழி தின்பதற்காகத்தான். விளைந்த சோளத்தைத் தின்றால் கோழி கொழுக்கிறது, விதைச்சோளத்தைத் தின்றால் சாகிறது. நடுவில் இருப்பது மூன்றரை மாசமும் ஒரு பூச்சு மருந்தும்.

விதை வாங்கியவர்களுக்குத் தெரியும், பையைப் பிரித்ததும் உள்ளே இருப்பது சோளம் மாதிரியே இருக்காது. அடர்ந்த ரோஸ் கலர், மிட்டாய்க்கடை ஜாடியில் போட்டு வைத்தது போல. சில கம்பெனியில் பச்சை, சிலதில் நீலம். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக ஒரு காட்டம். ஊன வந்த அக்காக்கள் ஆறு பேரும் மத்தியானச் சோத்துக்கு உட்காரும்போது எல்லார் விரலும் மருதாணி வைத்தது மாதிரி இருந்தது. வாய்க்காலில் கையைக் கழுவினார்கள், விரல் இடுக்கில் சிவப்பு நின்றது, அப்படியே பிசைந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் கையுறை வாங்கி வைத்தேன். ரெண்டு பேர் போட்டார்கள், நாலு பேர் "விதை கைக்குப் புடிபடலீங்க" என்று கழற்றி வரப்பில் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பையில் ரெண்டு கைப்பிடி மீந்தது. மருந்து விதையில் நிஜமான ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். மண்ணுக்குள் ரெண்டு அங்குலம் போன விதை ஓரளவு மூடியாவது இருக்கிறது. மீந்த விதைக்குத்தான் போக்கிடம் இல்லை. கடைக்காரர் பிரித்த பையைத் திரும்ப வாங்க மாட்டார். அடுத்த பட்டம் வரை வைத்தால் முளைப்பு குறையும். கீழே கொட்டவோ மனசு வராது. தானியத்தைக் காலில் மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. பழைய சோறு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, புடைத்த நொய் கோழிக்கு என்று எதற்கும் ஒரு வாய் பார்த்து வைத்திருக்கும் அம்மா, கிலோ பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய விதையைக் குப்பையிலா போடுவார்?

மருந்து கலந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கழுவினார். அலுமினியக் குண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரிசி களைவது போல மூன்று தடவை களைந்தார். முதல் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்தது போல வந்தது, ரெண்டாவது ரோஸ் பால், மூன்றாவது கிட்டத்தட்டத் தெளிவு. முறத்தில் பரப்பி ஒருநாள் வெயிலில் காயவைத்தார். சோளம் பழைய மஞ்சளுக்கு வந்துவிட்டது, காம்புப் பக்கம் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வீசினார்.

எங்களிடம் அப்போது ஒன்பது உருப்படி. எல்லாம் சிறுவிடை, ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ எடை. நான் மத்தியானம் டவுனிலிருந்து வந்தபோது சாம்பல் பெட்டை ஒன்று வேப்பமரத்தடியில் தனியாக நின்றது. கூட்டத்தோடு இரை எடுக்காமல் கோழி தனியாக நின்றாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இறக்கை ரெண்டும் தொங்கி, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி மூடித் திறந்தது. துரத்தினால் குடிகாரன் மாதிரி பக்கவாட்டில் ரெண்டு எட்டு வைத்து உட்கார்ந்தது. அலகோரம் கோழை. இன்னொன்று பஞ்சாரத்துக்குப் பின்னால் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது, கால் மட்டும் உதறிக்கொண்டு.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "வெள்ளைக்கழிச்சல் அம்மிணி. இப்பத்தான் எங்க கொழுந்தனார் தோட்டத்துல நாலு போச்சு. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைச்சு ஊத்து." ஊற்றினேன். அது விழுங்கவில்லை. நாலு மணிக்கு முன்னால் ரெண்டும் முடிந்தன. மூன்றாவதாக ஒன்று, கழுத்தில் முடி இல்லாத பெட்டை, ராத்திரி முழுக்கத் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தது. மறுநாள் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது.

நான் அந்தச் செத்த கோழியைப் புதைக்காமல் உரச்சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. மீதி ஏழுக்கும் தடுப்பூசி போடலாமா என்று கேட்கத்தான் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கழிச்சல் எந்தக் கலர்ல போச்சு?" கழியவே இல்லை என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைக் கீறினார். ஈரமான கீரைத்துணுக்கு, ரெண்டு எறும்பு, அப்புறம் ஊறிப் பெருத்த மக்காச்சோளம். காகிதத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பதினேழு. காம்புப் பக்கம் சிவப்புப் பொட்டு.

"விதையா?"

"கழுவினதுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கொண்டுவரச் சொன்னார். ஈரலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உறுதியாகச் சொல்லலாம், இப்போதைக்குத் தீனிப்பை சொல்வது போதும் என்றார். பாஸ்பரஸ் வகை மருந்து என்றால் அட்ரோபின் ஊசி போட்டுப் பார்க்கலாம், இந்தப் பூச்சு மருந்துக்கு அப்படிக் குறிப்பிட்ட முறிவு மருந்து கிடையாது, நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பையை முதல்முறையாக வாசித்தேன். விதைப் பையை யார் வாசிக்கிறார்கள்? ரகம், முளைப்புத் திறன், காலாவதித் தேதி, விலை. அவ்வளவுதான் கண்ணில் படும். தையலுக்குப் பக்கத்தில் எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது: விதை மருந்தால் நேர்த்தி செய்யப்பட்டது, உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய் எடுக்கவோ பயன்படுத்தாதே. கீழே ரெண்டு மருந்துப் பெயர். ஒன்று நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி, இன்னொன்று தைரம் என்ற பூஞ்சைக்கொல்லி. கம்பெனி பெயரை எழுத மாட்டேன். அவர்கள் சட்டப்படி எழுத வேண்டியதை எழுதியிருக்கிறார்கள். 1968-ம் ஆண்டின் விதை விதிகளிலேயே இந்த எச்சரிக்கை வாசகம் இருக்கிறது. பாதரச மருந்து பூசியதென்றால் விஷம் என்று சிவப்பில் போட வேண்டும் என்பது வரை இருக்கிறது. எங்க அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். பையில் தமிழ் இல்லை.

ஆக, அவருக்கு எட்டிய ஒரே எச்சரிக்கை அந்தச் சிவப்பு. அதைத்தான் அவர் கழுவி எடுத்தார்.

இந்த வரியை எழுதிவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் இதே காரியம், இதே குண்டாக் கழுவல், ஒரு நாடு முழுக்க நடந்திருக்கிறது என்று கோழி செத்த அந்த வாரம்தான் படித்தேன். 1971-ல் இராக்கில் பஞ்சம். அரசாங்கம் மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சுமார் 95,000 டன் கோதுமை, வாற்கோதுமை விதை வரவழைத்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மெத்தில் பாதரசம் பூசிய விதை. மூட்டையில் எச்சரிக்கை இருந்தது, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். விதை கைக்கு வருவதற்குள் பல ஊர்களில் விதைப்பே முடிந்துவிட்டது. ஆக அதுவும் மீந்த விதைதான். சிவப்பு நிறத்தைப் பார்த்து ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். கழுவினார்கள், சாயம் போனது. இன்னும் சந்தேகம் தீராத சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் காத்திருந்தார்கள், கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. அரைத்து ரொட்டி சுட்டார்கள். மெத்தில் பாதரசம் உடம்புக்குள் போய் வேலையைக் காட்ட வாரக்கணக்கில் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. 6,530 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 459 பேர் செத்தார்கள். இது ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ அவங்களும் கழுவினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாயம் வேறு, மருந்து வேறு. சாயம் போவதைக் கண் பார்க்கும், மருந்து போனதை எந்தக் கண்ணும் பார்க்காது. கழுவும்போது கொஞ்சம் மருந்து போகத்தான் செய்யும். ஆனால் விதையோடு ஒட்டிக்கொள்வதற்கென்றே பசை சேர்த்துப் பூசுகிறார்கள், மழைக்கும் ஈர மண்ணுக்கும் தாங்க வேண்டுமே. தோலுக்கடியில் இறங்கியது தண்ணீருக்கு வராது. அதோடு இந்த நியோனிக்கோட்டினாய்டு செடிக்குள் ஊடுருவிப் பரவுவதற்காகவே செய்தது. விதையில் பூசினால் முளைக்கும்போது வேர், தண்டு, இலை என்று ஏறும். இலையைக் கடிக்கிற பூச்சி நரம்பு இழுத்துச் சாகும். பூச்சிக்குப் பிடிக்கிற அளவுக்குப் பறவைக்குப் பிடிக்காது என்பதுதான் இதை விற்கும்போது சொன்ன பெருமை. செடிச் சாறில் கொஞ்சமாக இருக்கிற மருந்தை வைத்துப் பேசினால் அது உண்மைதான். ஆனால் கோழி செடியையா தின்கிறது? மொத்த மருந்தும் பூசிய விதையையே தின்கிறது.

அளவு சொன்னால்தான் புரியும். இமிடாகுளோபிரிட் என்பது இந்த வகையில் பிரபலமான மருந்து. ஊர்க்குருவியில் சோதித்தபோது, உடம்பு எடையில் கிலோவுக்கு 41 மில்லிகிராம் என்பது பாதிக் குருவிகளைக் கொல்லும் அளவாக வந்தது. ஒரு குருவி 25 கிராம் இருக்கும். அப்படியானால் சுமார் ஒரு மில்லிகிராம் போதும். அமெரிக்காவில் ஒரு மக்காச்சோள விதையில் இந்த வகை மருந்து கால் மில்லிகிராமிலிருந்து ஒண்ணேகால் மில்லிகிராம் வரை பூசுகிறார்கள். ஒரு குருவிக்கு ஒரு விதையோ நாலு விதையோ போதும். 2013-ல் அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, ஒரே ஒரு விதை ஒரு பாடும் பறவையைக் கொல்லப் போதும் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். குருவியால் முழுச் சோளத்தை விழுங்க முடியாது, கொத்தி உடைத்துத்தான் தின்னும், அதனால் கொஞ்சம் சிந்தும் என்பது வேறு விஷயம். புறாவும் கௌதாரியும் அப்படியே விழுங்கும்.

சாவதை மட்டும் எண்ணினால் கணக்கு பாதிதான். 2019-ல் கனடாவில் ஓர் ஆய்வு. வலசை போகிற வெண்முடிச் சிட்டுகளைப் பிடித்து, சாகாத அளவுக்கு மிகக் கொஞ்சமாக இமிடாகுளோபிரிட்டைக் கொடுத்து, முதுகில் குட்டி ரேடியோ ஒட்டிப் பறக்க விட்டார்கள். சில மணி நேரத்தில் எடையில் 6 சதவீதம் குறைந்தது. இரை எடுக்கவே பிடிக்காமல் உட்கார்ந்தன. மற்ற குருவிகள் கிளம்பிப் போய் மூன்றரை நாள் கழித்துத்தான் இவை கிளம்பின. செத்த குருவி ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றரை நாள் தாமதமாகப் போகிற குருவிக்கு நல்ல கூட்டு இடம் யார் பிடித்து வைத்திருப்பார்கள்?

இதைப் படித்தபோது எங்கள் கழுத்துமொட்டைதான் ஞாபகம் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பத்து நாள் கழித்து முட்டை வைத்தது, தோல்முட்டை. ஓடே இல்லாமல், விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிற முட்டை. மறுபடி ஒன்று. மறுபடியும் ஒன்று. சுண்ணாம்புச் சத்து குறைவு என்று அம்மா கிளிஞ்சல் பொடி வைத்தார். கோழிக்குத் தைரம் போனால் ஓடில்லாத முட்டை வரும், குஞ்சாக இருந்தால் கால் எலும்பு வளைந்து நொண்டும் என்பது கோழி ஆராய்ச்சியில் பழைய விஷயமாம். எங்கள் கோழிக்கு அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஐப்பசி கடைசியில் ஓடு திரும்ப வந்தது. அதுவரை வந்த முட்டை எல்லாம் தென்னைக்குழிக்குப் போனது. அதை நாங்கள் தின்னவில்லை, நாய்க்கும் போடவில்லை.

ஓர் ஓரச் செய்தி. விதைக்குச் சாயம் பூசினால் பறவை பயந்து ஒதுங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கோழிக்கு நிறம் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல் மூன்று வகை, கோழிக்கு நாலு வகை. ஆனால் தெரிவதும் பயப்படுவதும் ஒன்றா? முதல்முறை தயங்கும், ஒன்று கொத்தும், பக்கத்துக் கோழி தின்பதைப் பார்த்தால் அப்புறம் தயக்கம் ஏது? ரோஸ் கலர் மனுஷனுக்குப் போட்ட குறி. அதை மனுஷனே கழுவிவிட்டால் கோழி என்ன செய்யும்.

வெள்ளைக்கழிச்சல் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. கோழி செத்தால் நோய் என்று நினைப்பது இயல்பு. இங்கிலாந்தில் படித்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1959-60 குளிர்காலத்தில் அங்கே நரிகள் பட்டப்பகலில் தள்ளாடி நடந்து வந்து செத்தன. அரைக்குருடு, வலிப்பு. சுமார் 1,300 நரி. ஏதோ புது வைரஸ் என்று தேடினார்கள். கடைசியில் பார்த்தால் விதைக் கோதுமையில் டீல்ட்ரின் மாதிரியான மருந்து, அதைத் தின்ற காட்டுப்புறா, புறாவைத் தின்ற நரி. நரி வாழ்நாளில் ஒரு கோதுமை மணியைத் தொட்டிருக்காது. வசந்தகால விதைப்புக்கு அந்த மருந்துகளைப் பூசுவதில்லை என்று 1961-ல்தான் அங்கே முடிவானது. நம் நாட்டிலும் 1980-களின் கடைசியில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவைச் சுற்றிப் பதினெட்டு சாரஸ் கொக்குகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட புறாக்களும் செத்துக் கிடந்தன. சுற்றுவட்ட வயல்களில் போட்ட ஆல்ட்ரின். அந்த மருந்துக்குத் தடை வந்தது 1996-ல். ஆள் உயரம் நிற்கிற சாரஸ் செத்ததால் கணக்கில் வந்தது. வேலியோரம் ரெண்டு காடை செத்தால் ராத்திரிக்குள் நரியோ நாயோ தூக்கிவிடும். மறுநாள் காலையில் அங்கே ஒன்றும் நடக்கவே இல்லை.

எங்கள் பக்கம் மயிலைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். மயில் எங்களுக்குத் தேசியப் பறவை இல்லை, தேசியத் தொல்லை. ஊனிய மறுநாள் காலையில் வந்து, பார் மேலேயே நடந்து, நூல் பிடித்தது போல ஒரு குழி விடாமல் கிளறும். மறு ஊன்றலுக்கு ஆள் கூலி, விதைக் காசு ரெண்டும் போகும். அடித்தால் வனத்துறை. 1972-ம் வருஷச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை அது, புலிக்கு இருக்கிற பாதுகாப்பு. ஆகவே மருந்து விதையைத் தின்று மயில் செத்தால் "நானா வெச்சேன்? கம்பெனி வெச்சது" என்று சிலர் உள்ளுக்குள் நிம்மதிப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். தானியத்தில் விஷம் கலந்து வேண்டுமென்றே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது குற்றம், அதைப் பற்றி எனக்கு ரெண்டு கருத்து இல்லை. ஆனால் வேண்டுமென்றே வைக்காதவன் தோட்டத்திலும் அதே பறவை அதே மாதிரி சாகலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

விவசாயி ஏன் இந்த விதையை வாங்குகிறான் என்று டவுனிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-ல் கர்நாடகத்தில் படைப்புழு வந்தது, அதே வருஷம் எங்களிடமும் வந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து அது தின்கிற வேகத்தை நேரில் பார்த்தால் நீங்களும் வாங்குவீர்கள். முளைத்த முதல் மூன்று வாரம் பயிரைக் காப்பாற்றினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதோடு வீரிய ரக விதை கடையிலேயே பூசித்தான் வருகிறது. பூசாதது கொடுங்கள் என்று இந்த வருஷம் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை, உப்பு போடாத ஊறுகாய் கேட்டவளைப் பார்த்த மாதிரி இருந்தது. உளுந்து, தட்டைப்பயறு மாதிரி நம் வீட்டில் எடுத்து வைக்கிற விதைக்கு நாமே நேர்த்தி செய்துகொள்ளலாம். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், இல்லையென்றால் 4 கிராம் டிரைக்கோடெர்மா, கொஞ்சம் ஆறிய கஞ்சி, நிழலில் உலர்த்தினால் முடிந்தது. அது கோழியைக் கொல்லாது. படைப்புழுவை அது நிறுத்தும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

மீந்த விதைக்கு என்ன வழி என்று தேடப் போய்த்தான் நெப்ராஸ்கா கதை கிடைத்தது. அமெரிக்காவில் மீட் என்று ஒரு சின்ன ஊர், ஐந்நூறு அறுநூறு பேர் இருப்பார்கள். அங்கே ஆல்ட்என் என்று ஓர் எத்தனால் ஆலை. மற்ற ஆலைகள் காசு கொடுத்துச் சோளம் வாங்க, இவர்கள் விதைக் கம்பெனிகளில் விற்காமல் மீந்துபோன மருந்து விதையை இலவசமாக வாங்கி எத்தனால் எடுத்தார்கள். கம்பெனிகளுக்குக் கழிவு ஒழிந்தது, ஆலைக்கு மூலப்பொருள் சும்மா வந்தது. எங்க அம்மா கேட்டால் மெச்சியிருப்பார். சாதாரணமாக எத்தனால் எடுத்த சக்கை மாட்டுத் தீவனமாகும். இந்தச் சக்கையை மாட்டுக்குப் போட முடியவில்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே மலையாகக் குவித்தார்கள், பல்லாயிரம் டன். நாற்றம் தாங்கவில்லை. அருகில் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த தேனீப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. 2021 பிப்ரவரியில் மாநில அரசு ஆலையை மூடச் சொன்னது. மூடிய சில நாளில் குழாய் வெடித்துக் கழிவுநீர் ஓடையில் போனது தனிக் கதை. அந்த நாட்டில் பூசிய விதையைப் பூச்சிமருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை, மருந்து போட்ட பொருள் என்று விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள். மருந்து டப்பாவில் இருந்தால் மருந்து, விதையில் இருந்தால் விதை. குவிந்து நாறும்போதுதான் அது என்ன என்று கேள்வி வந்தது.

எங்கள் ரெண்டு கைப்பிடி அந்த மலையின் முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு இருக்கிற ஒரே நல்ல வழி மண்ணுக்குள் போவதுதான். இந்த வருஷம் மீந்ததை அன்று சாயங்காலமே மேட்டுக்கரையில், ஆட்டுக்கும் கோழிக்கும் எட்டாத இடத்தில், ரெண்டு ரெண்டு விதையாகச் சேர்த்து ஆழமாக ஊனிவிட்டோம். ஒரே குழியில் கொட்டி மூடினால் எலியோ மயிலோ கிளறும். சாக்கு மாற்றிக் கொட்டிய இடத்திலும் பார் திரும்புகிற முனையிலும்தான் அதிகம் சிந்துகிறது என்று போன வருஷம் நான் கவனிக்கவே இல்லை. இந்த முறை ஊனி முடித்து எல்லாரும் கிளம்பியபின் அம்மாவும் நானும் மண்வெட்டியோடு முனை முனையாக நடந்தோம். ஒரு முனையில் மட்டும் முப்பத்தொரு விதை கிடந்தது. செம்மண்ணில் ரோஸ் சோளம், குனியாமலே தெரிந்தது. கோழிகளை எட்டு நாள் வெளியே விடவில்லை, குருத்து ரெண்டு இலை விட்டபின்தான் திறந்தோம். பையைக் கிழித்துத்தான் அப்புறப்படுத்தினேன். முழுசாக இருந்தால் யாராவது அதில் ராகி கட்டி வைப்பார்கள். அந்த அலுமினியக் குண்டா இப்போது கொட்டகையில் ஆணிப்பெட்டி.

ஊரில் எனக்கு ஒரு புதுப் பெயர் வந்துவிட்டது. யார் வீட்டில் கோழி செத்தாலும் "அந்த அம்மிணியக் கூப்பிடு, தீனிப்பையப் பார்க்கட்டும்" என்கிறார்கள். போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலேயே மூன்று செத்தது. நான் போவதற்குள் அவர் வேலியோரத் தோட்டக்காரரை ஒரு மூச்சு திட்டி முடித்திருந்தார். அந்தத் தோட்டக்காரர் முந்தின வாரம்தான் சோளம் ஊனியிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு பழைய பிளேடால் மூன்று தீனிப்பையையும் கீறினேன். அருகம்புல், நெல் உமி, பொடிக்கல், ஒன்றில் ஒரு பித்தளைத் திருகு. கலர் எதுவும் இல்லை. ஆசனவாய் முடியெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது கழிச்சல்தான்க்கா," என்றேன். "பிப்ரவரியில தடுப்பூசி முகாம் போட்டாங்களே, கொண்டு போனீங்களா?"

அக்கா வேலிப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, முடிச்சு போட்ட முந்தானையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டார். "அன்னிக்கு ஒரு கல்யாணம் இருந்துச்சு கண்ணு," என்றார்.